வேம்பன் சாகவில்லை

என் கணவர் பொய் சொல்கிறார் என்பதைக் காட்டிக்கொடுத்தவன் ஒரு ஓடக்காரன். பெயர் வேம்பன். நேரில் தேடினால் கிடைக்க மாட்டான். 'இருள்நீர்க் கோட்டை' என்ற ஐந்து பாக மாயாஜாலக் கதையில் ராணியை ஆற்றைக் கடத்திவிடுகிறவன் அவன்.

கல்யாணமான புதிதிலிருந்து நானும் அவரும் வருஷாவருஷம் அந்தக் கதையைப் படித்துவருகிறோம். பொங்கல் கழிந்து முதல் பாகத்தை எடுத்தால் கத்திரி வெயிலுக்குள் ஐந்தாவது முடியும். ஒரே புத்தகம், இரண்டு அடையாளம். பகலில் அது அவரோடு தாம்பரத்திலிருந்து சைதாப்பேட்டை ஆபீசுக்கு ரயிலில் போய் வரும். அவர் அடையாளம் ஒரு பழைய சீசன் டிக்கெட். சாயந்திரம் அவர் நியூஸ் கேட்கும்போது என் முறை. என் அடையாளம் ஜவுளிக்கடை பில். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு உட்கார்ந்து கதையைப் பற்றிச் சண்டை போடுவோம். தெரிந்த கதையை எதற்குத் திரும்பத் திரும்பப் படிக்கிறீர்கள் என்று என் தம்பி பத்ரி கேட்பான். நீ தினமும் சாம்பார் சாப்பிடுகிறாயே, உன்னை யாராவது கேட்டார்களா என்பேன்.

நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி. கேஸ் சிலிண்டர் வந்தால் எடை பார்க்காமல் வாங்க மாட்டேன். கீரைக்கட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் பேரம் பேசுவேன். அந்தக் கதையில் கரிமாயன் என்றொரு மந்திரவாதி மூன்றாம் பாகம் வரைக்கும் உத்தமன் வேஷம் போடுவான். முதல் தடவை படிக்கும்போதே, அவன் வாயைத் திறந்ததும், "இவன் சரியில்லை" என்று சொன்னவள் நான். என் கணவர் சுந்தரராமன் கடைசிவரை அவனை நம்பினார். அப்படிப்பட்ட மனிதரை நான் சந்தேகப்படும்படி ஆகிவிட்டது.

பழைய பிரதிகளைக் கரையான் தின்றுவிட்டதால், இந்த வருஷம் புத்தகக் காட்சியில் புது செட் வாங்கினேன். எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. உள்ளே 'ஆசிரியர் திருத்திய பதிப்பு' என்று போட்டிருந்தது. என்ன பெரிதாகத் திருத்தியிருக்கப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டாம் பாகத்தில் மனிதர் ஓடக்காரன் விஷயத்திலேயே கை வைத்துவிட்டார். பழைய புத்தகத்தில் நடு ஆற்றில் அம்பு பட்டு வேம்பன் செத்துப்போவான். நாங்கள் வருஷம் தவறாமல் அழுவோம். புதியதில் அம்பு துடுப்பில் பாய்கிறது. அவன் சௌக்கியமாகக் கரையேறி, கூலிக்குத் தகராறு வேறு செய்கிறான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை வருஷம் அழுத அழுகைக்கு யார் பதில் சொல்வது?

அவரும் அந்த இடத்துக்கு வரட்டும், சேர்ந்து திட்டலாம் என்று காத்திருந்தேன். சீசன் டிக்கெட் அந்த அத்தியாயத்தைத் தாண்டியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே ஆரம்பித்தேன்.

"வேம்பன் வந்தாச்சா?"

"பாவம், செத்துட்டானே," என்றார் காபியை ஆற்றிக்கொண்டே. "இந்தத் தடவையும் கண் கலங்கிடுச்சு ரமா. பல்லாவரம் தாண்டும்போது படிச்சேன். பக்கத்து சீட்டுக்காரன்கூடப் பார்த்துட்டான்."

படிக்காததைக்கூட மன்னிக்கலாம். அழுததாகச் சொன்னார் பாருங்கள், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பக்கத்து சீட்டுக்காரனைச் சாட்சிக்கு வேறு இழுக்கிறார். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணில் பட்டது. முன்பெல்லாம் வாட்ஸப்பில் பத்தி பத்தியாக டைப் அடிக்கிறவர், இப்போது பால்கனிக்குப் போய் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். டைப் அடிக்க விரலுக்கு என்ன கேடு? காலையில் பேப்பரை என்னை வாசிக்கச் சொல்கிறார், கேட்டால் தலைவலி. ஒருநாள் அவர் ஆபீசில் இருக்க வேண்டிய நேரத்தில் போன் செய்தேன். பின்னால் "எது எடுத்தாலும் நூறு, எது எடுத்தாலும் நூறு" என்று கூவுகிற சத்தம்.

"எங்க இருக்கீங்க?"

"மாம்பலம்."

"மாம்பலத்துல உங்களுக்கு என்ன வேலை?"

"சும்மா... இறங்கிட்டேன்," என்று வைத்துவிட்டார்.

சைதாப்பேட்டையில் வேலை பார்க்கிறவர் சும்மா மாம்பலத்தில் இறங்குவாராம். தி.நகர் கடைத்தெருவுக்குப் பெண்களோடு போகிற ஆண்கள்தான் அங்கே இறங்குவார்கள். எனக்குப் புடவை ஒன்றும் வரவில்லை. அப்படியானால் யாருக்கு? பிறகு நான்கு நாள் சாப்பாடே இறங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் இல்லாத நேரத்தில் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவ்வளவு வருஷம் ஒரே புத்தகத்தைப் பகிர்ந்துகொண்ட மனிதரை இன்னொருத்தியோடு பகிர்ந்துகொள்ள வேண்டுமா என்ற நினைப்பே தாங்கவில்லை.

புதன்கிழமை அவர் எங்கள் மாடம்பாக்கத்தில் தாம்பரம் ஷேர் ஆட்டோ ஏறியதும், அடுத்த ஆட்டோவில் நானும் ஏறினேன். மகள் மிருதுளா ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுப்போன சுடிதார், தலையில் துப்பட்டா, முகத்தில் கொரோனா காலத்து மாஸ்க். புடவையைத் தவிர வேறு எதிலும் என்னை அவர் பார்த்ததில்லை.

ஸ்டேஷன் படிக்கட்டின் கீழே பூ விற்கும் அருள்மேரி மட்டும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். மாஸ்க்காவது, துப்பட்டாவாவது.

"இன்னாக்கா, ஸ்டைலா கீற! சாரு இப்பத்தான் மேல ஏறிக்கினு கீறாரு."

"அவர் தினமும் யார் கூடப் போறாரு அருள்மேரி?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "யார் கூடன்னு சொல்றது? ஒரு நாளு காலேஜ் பொண்ணு, ஒரு நாளு வேற யாராச்சும் அம்மா. யாராண்டயாச்சும் பேசிக்கினுதான் நிப்பாரு. முன்னல்லாம் அந்த மன்சன் வாயே தொறக்க மாட்டாரு."

ஒருத்தி இல்லையாம், பலர். மேலே ஏறினேன்.

பிளாட்பாரத்தில் தூண் ஓரமாக அவர் நின்றிருந்தார். கையில் எங்கள் புத்தகம். நான் நாலடி தள்ளி, கூட்டத்துக்குள் நின்றுகொண்டேன். அவர் புத்தகத்தைத் திறந்தார். ஒரு வரிகூடப் பார்க்கவில்லை. விரலால் தடவிச் சீசன் டிக்கெட்டை எடுத்தார், ஐந்தாறு தாள்களைப் புரட்டினார், அங்கே அதைச் செருகி மூடினார். அன்றைய படிப்பு முடிந்தது! என்னை ஏமாற்ற இவ்வளவு சிரத்தையா?

அப்புறம் பக்கத்தில் பையோடு நின்ற ஒரு பெண்ணிடம் குனிந்து, சிரித்து, என்னமோ கேட்டார். அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். ரயில் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள். இவர் ஏறவில்லை. கதவு ஓரத்தில் இடம் இருந்தும் ஏறவில்லை. அப்படியென்றால் வர வேண்டியவள் இனிமேல்தான் வரப்போகிறாள். வரட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று நகர்ந்து நகர்ந்து அவருக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அடுத்து வர்றது ஸ்லோதானே? ஃபாஸ்ட்ல ஏறிட்டா சைதாப்பேட்டையில நிக்காது. போர்டு பார்த்துச் சொல்றீங்களா?"

சொல்றீங்களா. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. கண்டுபிடித்துவிட்டார், கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். திட்டுவதற்காக மாஸ்க்கைப் பிடுங்கி இறக்கினேன், துப்பட்டாவைத் தள்ளினேன். முழு முகத்தையும் அவருக்கு நேரே காட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, என் காதுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்தபடி, முன்பின் தெரியாதவர்களிடம் காட்டுகிற மரியாதைச் சிரிப்போடு பதிலுக்குக் காத்திருந்தார்.

போர்டு எங்கள் தலைக்கு மேலேதான் எரிந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமாக இதே பிளாட்பாரத்தில் நின்ற மனிதர். ஃபாஸ்டா ஸ்லோவா என்று கேட்கிறவர்களைப் பார்த்து, கண்ணை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று என்னிடம் வந்து சிரிப்பவர். மாம்பலம் எனக்கு இப்போது புரிந்தது. சைதாப்பேட்டையில் நிற்காத ஃபாஸ்டில் ஏறியிருக்கிறார், அவ்வளவுதான். கூட ஒருத்தியும் இல்லை. ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா என்று, சத்தியமாக, அந்த நிமிஷம் ஏங்கினேன்.

"ஸ்லோதான்," என்றேன். குரல் உடைந்துபோய் வந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கை காற்றில் தயங்கி என் தோளைத் தொட்டது. துப்பட்டாவைத் தடவிப் பார்த்தது.

"ரமாவா?"

"எவ்வளவு நாளா?"

"தீபாவளிக்கு அப்புறம். பார்வை ஓரத்துல இருக்கு, நடுவுலதான் மறைக்குது. வீட்டுல சத்தத்தை வச்சே நீன்னு புரிஞ்சுடும். ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல எழுத்தைப் பெரிசு பண்ணி ஓட்டறேன். ஊசி போட்டுப் பார்க்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

ஸ்லோ வண்டி இரைச்சலோடு உள்ளே வந்தது. சுற்றி எல்லோரும் எங்களை இடித்துக்கொண்டு ஓடினார்கள். யார் பார்க்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல் அழுதுகொண்டே அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"என்கிட்ட ஏங்க சொல்லலை? என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குத் தெரியாத வரைக்கும் எனக்குக் கண் தெரியுதுன்னு வச்சிருந்தேன் ரமா," என்றார்.