சிவப்பு விளக்கில் அவள் பேசுவதில்லை

சிவப்பு விளக்கு விழுந்ததும் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். பாதி வாக்கியமாக இருந்தாலும் சரி. பச்சை வந்து கார் நகர்ந்து கொஞ்ச தூரம் போன பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். சில நாட்களில் தொடராமலே இருந்துவிடுவாள்.

இருவருக்கும் பேசக் கிடைத்ததே அந்தக் கார்ப் பயணம்தான். அவள் நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சி தருபவள். முதல் வகுப்பு விடியும்போதே தொடங்கிவிடும். அவன் மெக்கானிக். அக்காவோடு சேர்ந்து நடத்தும் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு வீடு வரும்போது அவள் தூக்கத்தில் பாதி தூரம் போயிருப்பாள். ஆகவே அவளைக் குளத்தில் கொண்டுபோய் விடுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. பனி இறங்கிய சாலை, கரைந்து வழிகிற தெருவிளக்குகள், கண்ணாடி ஏற்றிய கார், உள்ளே வெதுவெதுப்பான காற்று. இன்னும் முழுதாக விழிக்காத இரண்டு பேர்.

அவள் பெரும்பாலும் தன் கனவுகளைத்தான் சொல்வாள்.

"நேத்து நம்ம மாடிப்படி தண்ணிக்குள்ள இறங்கிப் போச்சு. நானும் ஒவ்வொரு படியா போறேன். அடியில பார்த்தா நம்ம அடுப்படி. நீங்க சட்டியில என்னமோ கிண்டிக்கிட்டு இருக்கீங்க."

"தண்ணிக்குள்ள அடுப்பு எப்படி எரியும்?"

"மெக்கானிக்தானே, எரிய வச்சிருப்பீங்க. நான் கிட்ட வந்து என்ன சமையல்னு கேக்கறேன். நீங்க திரும்பி…"

சிவப்பு. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். உதடுகள் ஒட்டிக்கொண்டன. கண்கள் பாதி மூடி, எங்கோ வெகுதூரத்தில் இருப்பதைப் பார்த்தன.

"திரும்பி?" என்றான்.

பதில் இல்லை. பச்சை வந்த பிறகும் இல்லை. குளத்து வாசலில் இறங்கும்போது நெற்றியை அழுத்திக்கொண்டு, "மறந்துபோச்சுங்க," என்றாள்.

கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் தன் மனைவி தன்னிடம் சொல்ல வந்ததை மறக்கத் தொடங்கிவிட்டாள் என்பது அவனுக்குக் கொஞ்சம் வலித்தது.

அந்தக் கார் அவன் வாலிபத்தின் செல்லப்பிள்ளை. சின்னக் கார்தான், ஆனால் இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற டர்போ வைத்தது. அப்படிப்பட்ட இஞ்சினின் வயிற்றில், ஓட ஓட எண்ணெய் ஆவி சேரும். அதை வெளியேற்ற ஒரு குழாய் உண்டு. கம்பெனியில் செய்த ஏற்பாட்டில் அந்தக் குழாய், டர்போ காற்றை உறிஞ்சும் வழியிலேயே போய்ச் சேரும். ஆவி மறுபடி இஞ்சினுக்குள் போய் எரிந்துவிடும். எரிந்துவிடும் என்று பேர்தான். போகிற வழியெல்லாம் பிசுக்கு அப்பிக்கொள்ளும். அவனுக்கு அது பொறுக்காது. கல்யாணம் முடிந்த கையோடு, நடுவில் ஓர் அலுமினிய டப்பாவை வைத்தான். உள்ளே கம்பிப் பஞ்சு. ஆவி அதில் முட்டிச் சொட்டாகிக் கீழே தங்கும். மிஞ்சுகிற காற்றைக்கூட டர்போவுக்கு அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. அந்த வழியை அடைத்துவிட்டு, டப்பாவின் தலையில் சின்ன ஃபில்டர் ஒன்றை மாட்டி, பானெட்டுக்குள்ளேயே கலைந்து போகட்டும் என்று விட்டுவிட்டான்.

பிறகு ஒரு நாள் டர்போவின் காற்றுக்குழாயைக் கழற்றி, விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றி உள்ளே துடைத்து அவளிடம் காட்டினான். "பாரு, ஒரு பொட்டு எண்ணெய் இல்ல."

"நம்ம தட்டுகூட இவ்வளவு சுத்தமா இருக்காது," என்றாள் அவள். அன்று முழுக்க அவன் காற்றில் நடந்தான்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் அவள் காரில் மூக்கைச் சுளித்து, "லேசா எண்ணெய் வாசம் வருதுல்ல?" என்று கேட்டாள். அவனுக்கு எந்த வாசமும் தெரியவில்லை. பல வருஷமாக எண்ணெயிலேயே ஊறிய மூக்கு. தன் மேல்தான் வருகிறது என்று எடுத்துக்கொண்டான். மறுநாளிலிருந்து இரண்டு வேளைக் குளியல், விதவிதமான சோப்பு, நகக்கண்ணுக்குத் தனி பிரஷ். முழங்கை வரை தோல் சிவந்து தடித்துப்போனதைப் பார்த்த பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போன வாரம் இரண்டு நாள் அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது முகம் கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. "அங்க இருந்த வரைக்கும் தலைவலியே இல்ல," என்று யோசனையாகச் சொன்னாள். நேற்றுக் காலை, குளத்து வாசலில் இறங்கி, கதவை மூடாமல் நின்றுகொண்டு சொன்னாள்.

"அண்ணன் வீட்டுலேருந்து குளம் நடக்குற தூரம்தான். கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டுமா?"

எவ்வளவு நாள் என்று அவன் கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. "சரி," என்றான். அவள் இன்னும் சற்று நேரம் நின்றிருந்தாள். பிறகு கதவை மெதுவாக மூடிவிட்டுப் போனாள். இன்று காலை அவள் பெட்டி கட்டி வாசலருகே வைத்திருந்தாள்.

"சரின்னா சொன்னே?" என்றாள் அக்கா. ஒர்க்‌ஷாப்பின் உதிரிபாகக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தவள், கையை எடுத்துவிட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி, பேசினா வாய் மூடாத பயலாச்சே நீ. ஒருத்தி பெட்டி கட்டுறா, உனக்கு ஒத்த வார்த்தைதான் கிடைச்சுதா?"

"அவளுக்கு என்கூட இருக்கப் பிடிக்கல போலக்கா. பக்கத்துல உக்காந்தாலே பேச்சு நின்னுபோகுது."

"போலவா? இஞ்சின்ல சத்தம் வந்தா போலன்னு விடுவியா? எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுடுவே. போய் நேர்ல கேட்டுட்டு வா. கேக்காம வந்தா இன்னிக்கு உனக்குச் சாப்பாடு கிடையாது."

அவன் போனபோது மதிய வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மேலே நனைந்த கால்களுக்குத்தான் அனுமதி என்று காவலாளி அவனைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார். அங்கே நீண்ட தாழ்வாரம். அதன் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளத்தின் அடிப்பகுதி.

தண்ணீர் நீலமாக, சத்தமில்லாமல் நின்றது. மேலிருந்து வந்த வெயில் வலை வலையாக அசைந்து அவன் சட்டையிலும் கைகளிலும் ஓடியது. சின்னக் கால்கள் மெத்தையை உதைப்பதுபோல மெல்ல உதைத்துக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே அவள் இறங்கி வந்தாள். அவசரமே இல்லாமல், அவள் சொன்ன கனவில் படியிறங்கி வருகிற மாதிரி. கூடவே ஒரு சிறுமி, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு. மூச்சடக்கிக் காட்டும் பாடம்.

அடித்தரையில் உட்கார்ந்து அவள் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். தாழ்வாரத்தில் அரையிருட்டு, அவன் அங்கே நிற்பது அவளுக்குத் தெரியவில்லை. உதடுகள் ஒட்டியிருந்தன. கண்கள் பாதி மூடி, எங்கோ வெகுதூரத்தில் இருப்பதைப் பார்த்தன.

அவனுக்கு அந்த முகம் தெரியும். தினமும் சிவப்பு விளக்கில் பார்க்கிற முகம்.

சிறுமி குமிழ்களை விட்டுக்கொண்டு மேலே போனாள். அவள் மட்டும் இன்னும் அடியிலேயே இருந்தாள், அமைதியாக, யார் மேலும் எந்த வருத்தமும் இல்லாமல். கோபமில்லை, வெறுப்பில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். காரிலும் இதையேதான் செய்கிறாள். தான் செய்வது அவளுக்கே தெரியாது. சிறு வயதிலிருந்து பழகிய உடம்பு, வேண்டாத காற்று வந்ததும் தானாக மூடிக்கொள்கிறது.

கார் நின்றால் மட்டும் ஏன்?

கேள்வி வந்தபோதே விடையும் வந்துவிட்டது. கேட்க வந்ததைக்கூட மறந்து ஓட்டமாக வெளியே வந்தான். ஒர்க்‌ஷாப்பில் இஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, ஸ்கூட்டரைத் தவிர எதிலும் ஏறாத அக்காவைக் காருக்குள் உட்கார வைத்தான்.

"என்னடா இது, அடுப்புல எண்ணெயைக் காயவச்சு மறந்த மாதிரி ஒரு நாத்தம்?" அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். "இதுலயா அந்தப் புள்ளைய தினம் கூட்டிட்டுப் போறே?"

அவன் பானெட்டைத் தூக்கினான். டப்பாவின் தலையில் இருந்த குட்டி ஃபில்டர், காருக்குள் காற்று நுழையும் சல்லடைக்கு நேர் கீழே, ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தது. கார் ஓடும்போது எதிர்க்காற்று ஆவியைக் கீழே அடித்துக்கொண்டு போய்விடும். நின்றால், அது நிதானமாக மேலே எழுந்து சல்லடை வழியாக உள்ளே போகும். உள்ளே அவள்.

"டர்போவுக்குப் போகக் கூடாதுன்னு தடுத்தேன்கா," என்றான்.

"தடுத்து, பொண்டாட்டிக்கு அனுப்பிட்டே. பெரிய ஆளுதான்டா நீ. நில்லு, ஹோஸ் எடுத்துட்டு வரேன்."

ஃபில்டரைக் கழற்றி எறிந்தான். டப்பாவின் தலையிலிருந்து டர்போவின் காற்றுக்குழாய்க்குப் புது ஹோஸ் இழுத்து, அடைத்து வைத்திருந்த வாயைத் திறந்து சேர்த்து, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்கினான். எண்ணெய் டப்பாவிலேயே தங்கும். மிஞ்சும் காற்றை இனி டர்போவே இழுத்துக்கொள்ளும். அதோடு ஒரு மெல்லிய ஈரமும் போகத்தான் செய்யும், துணியைச் சுற்றித் துடைத்தால் கறை தெரியும். தெரியட்டும். இஞ்சினை ஓடவிட்டு அக்காவை மறுபடி உட்கார வைத்தான். இந்த முறை அவள் இறங்க மறுத்து, ஏசியைக் கூட்டச் சொன்னாள்.

வகுப்புகள் முடிந்து அவள் ஈரத் தலையோடு வெளியே வந்தபோது அவன் வாசலில் நின்றிருந்தான்.

"பெட்டிய எடுக்க வீட்டுக்குத்தான் வரப்போறேன். எதுக்கு அலையறீங்க?"

"ஏறு. ஒண்ணு சொல்லணும்."

முதல் சிக்னல் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கண்ணாடிக்குப் பின்னால் நின்றது, அவள் முகம், சல்லடை, அக்காவின் மூக்கு. சிவப்பு விழுந்தது. கார் நின்றது. வழக்கம்போல அவள் உதடுகள் ஒட்டிக்கொண்டன, முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது.

"மூச்சு விட்டுப் பாரேன்," என்றான்.

அவள் தோள்கள் மெல்ல இறங்கின. ஒரு தடவை இழுத்தாள். சந்தேகத்தோடு இன்னொரு தடவை. பிறகு இருக்கையில் சாய்ந்துகொண்டாள். கண்ணோரம் நிறைந்திருந்தது.

"உங்க வாசம்னு நெனச்சேன்," என்றாள். "நீங்க பக்கத்துல இருந்தாலே தலை வலிக்குது. தள்ளிப்போனா சரியாயிடுது. கட்டிக்கிட்டவர்கிட்ட இதை எப்படிச் சொல்ல? என் மனசுக்கு உங்களைப் பிடிக்கலையோ, உடம்பு அதைத்தான் சொல்லுதோன்னு ராத்திரியெல்லாம் பயந்துக்கிட்டு கிடந்தேன். பிடிச்சுத்தானே கட்டிக்கிட்டேன்? அப்புறம் ஏன் இப்படின்னு…"

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"ஒரு தடவை கேட்டேன். கையத் தோலுரிச்சுக்கிட்டீங்க."

அவன் ஸ்டியரிங்கில் இருந்த தன் கையைப் பார்த்தான். அவள் அதை எடுத்து, மணிக்கட்டருகே மூக்கை வைத்து நிதானமாக முகர்ந்தாள்.

"எண்ணெய்தான்," என்றாள். "ஆனா இது வேற. இது நல்லா இருக்கு."

பச்சை விழுந்தது. கார் நகர்ந்தது. மாலை வெளிச்சத்தில் தெரு முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பதுபோல அசைந்தது. அவன் வீட்டுப் பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டான்.

"அதுக்குள்ள வீடா? இந்த வழியில இனிமே சிக்னலே கிடையாதே," என்றாள் அவள். "நெறைய சிக்னல் வர்ற ரோடு எதுங்க?"

அவனுக்குத் தெரியும். நகரத்தில் யாரும் இந்த நேரத்தில் விரும்பிப் போகாத கடைவீதி வழி. இண்டிகேட்டரை மாற்றிப் போட்டான்.