இறுகிப்போன இரண்டு எஞ்சின்கள்

பொய்ப்பல் செட் செய்கிறவர் என்பதால் மைதானத்தில் அவருக்குப் பல்லு என்று பெயர். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்து, மெழுகு செதுக்கி, பல் வரிசை கட்டுவார். ஏழாம் நாள் ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு, மூடிப்போன செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார். பதினாறு வருஷமாக அவரும் அக்காவின் கணவரும் அங்கே தோளோடு தோள் நின்று மாதிரி விமானம் ஓட்டியவர்கள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். இருவருக்கும் எரிபொருள் கலப்பது பல்லுவின் பொறுப்பு. மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் அளந்து கலந்து, இரண்டு கேனில் கொண்டு வருவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு கேனோடுதான் வந்தார். அத்தான் கையில் புதிதாக ஒரு வெள்ளை விமானம் இருந்தது. மூக்கில் எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மோட்டார். அத்தான் பேட்டரியைச் செருகி வீசிவிட்டார். அது ஒரு பொட்டுப் புகை இல்லாமல் மேலே ஏறிவிட்டது.

"என்ன அத்தான் இது?"

"கரண்டுக்கு மாறிட்டேன் மாப்ளே. இந்த எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் இனிமே முடியாது. வயசாகுதில்ல."

ஐம்பத்திரண்டு ஒரு வயசா? பல்லு அத்தானின் முகத்தைப் பார்த்தார். அத்தான் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டு வந்த கேன் கையில் கனத்தது.

காரணம் என்னவென்று பல்லுவுக்குத் தெரியாமல் இல்லை. போன மாதம் அத்தானுடைய எஞ்சின்கள் இரண்டும் அடுத்தடுத்த வாரங்களில் சூடேறி இறுகிப்போயின. ஒன்று தரையிலேயே நின்றது. இன்னொன்று வானத்தில் நின்று, விமானம் முள்வேலியில் போய் விழுந்தது. எரிபொருளில் எண்ணெய் குறைந்தால் எஞ்சின் அப்படித்தான் இறுகும். இதைப் பல்லு சொல்லித்தான் மைதானத்தில் பாதிப் பேருக்கே தெரியும்.

அன்றைக்கே மாதிரி விமானச் சங்கத்தின் செயலாளர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், நாசூக்காகப் பேசுகிறவர். "தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தடவை கலவைல எண்ணெய் கொஞ்சம் கை தவறியிருக்குமோ?"

"அத்தான் சொன்னாரா?"

"அவர் ஒண்ணும் சொல்லல. நான் கேட்டப்போ இல்லைன்னும் சொல்லல."

அடுத்த வாரம் பல்லுவிடம் வழக்கமாக எரிபொருள் வாங்கும் மூன்று பேர் வீட்டில் இருப்பு இருக்கிறது என்றார்கள். மூன்று பேருக்கும் ஒரே நாளில் எப்படி இருப்பு வந்தது என்று பல்லு கேட்கவில்லை. பதினாறு வருஷத்துப் பேர் ஒரு வாரத்தில் கெட்டுப்போனது அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அத்தானுக்குக் கலந்த அதே கலவையை ஊற்றித் தன் எஞ்சினைப் பத்து டாங்க் ஓட்டிப் பார்த்தார். பிரித்தும் பார்த்தார். உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது. அப்புறம் அக்கா வீட்டுக்குப் போனார். அத்தான் வேலைக்குப் போயிருந்த நேரம்.

"இறுகிப்போன எஞ்சின் ரெண்டையும் குடு அக்கா, சரி பண்ண முடியுதான்னு பாக்கறேன்."

அக்கா ஒரு பழைய டப்பாவில் போட்டு எடுத்து வந்தாள். கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றாள். "உங்கிட்ட ஏதாவது சொன்னாராடா? வீட்ல மனுஷன் மனுஷனாவே இல்ல. நான் சமையக்கட்டுலேருந்து நாலு தடவை கூப்பிட்டா ஒரு பதில் இல்ல. எதுத்தாப்புல போய் நின்னாதான் ஏன்னு கேக்கறார். மனசு வேற எங்கேயோ இருக்கு. எங்கேன்னுதான் தெரியல."

பல்லுவின் சந்தேகத்துக்கு அது நல்ல தீனி. வீட்டிலும் எதையோ மறைக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினார்.

பல் இழைக்கும் மேஜையில், உருப்பெருக்கியின் கீழே இரண்டு எஞ்சின்களையும் பிரித்தார். பிஸ்டனில் நீளநீளமாகக் கீறல். ஆனால் உள்ளே எண்ணெய் வேண்டிய மட்டும் இருந்தது, கருகிப் பழுப்பாகப் படிந்திருந்தது. கலவையில் குற்றமில்லை. எரிபொருள் வரும் வழியை அடைக்கிற ஊசித் திருகை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார்கள். பட்டினி போட்டு ஓட்டினால்தான் எஞ்சின் இப்படி வெந்து போகும். இரண்டிலும் ஒரே தப்பு.

கண்ணை மூடிக்கொண்டு ஊசியைத் திருகினாலும் சரியான இடத்தில் நிறுத்துகிறவர் அத்தான். அவருக்கு இரண்டு தடவை கை தவறுமா? பல்லுவுக்கு ஒரே ஒரு விடைதான் கிடைத்தது. வேண்டுமென்றே செய்திருக்கிறார். தன் எஞ்சினைத் தானே கெடுத்துக்கொண்டு பழியை மச்சினன் தலையில் போட்டிருக்கிறார். எதற்கு என்றுதான் பிடிபடவில்லை.

அதிலிருந்து அத்தானைக் கண்காணிப்பதே ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிட்டது. நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் அத்தான் மெல்ல நழுவிவிடுவதையும், யார் பேசினாலும் அவர்கள் வாயையே உற்றுப் பார்ப்பதையும் கவனித்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல், கார் பக்கம் நடந்துகொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து நேரடியாகவே கேட்டார்.

"என் கலவைதான் காரணம்னு எல்லாரும் நினைக்கட்டும்னு விட்டுட்டீங்களா அத்தான்?"

அத்தான் திரும்பவே இல்லை. கார் கதவைத் திறந்தார், ஏறினார், போய்விட்டார்.

கண்காணிக்க ஆரம்பித்த மூன்றாவது வாரம். பறக்கவிட்டு முடித்து எல்லோரும் கொட்டகையில் இருந்தார்கள். அத்தான் பெஞ்சில் உட்கார்ந்து இறக்கைக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் காலடிப் பெட்டியிலிருந்து திடீரென்று ஒரு கூச்சல் கிளம்பியது. பேட்டரியில் சார்ஜ் இறங்கினால் கத்துவதற்கென்று அதில் செருகி வைக்கிற தீப்பெட்டி அளவுக் கருவி அது. சின்னதுதான், ஆனால் மண்டைக்குள் ஊசி ஏற்றுகிற மாதிரிக் கீச்சிடும். செயலாளர் காதைப் பொத்திக்கொண்டு, "அதை நிறுத்துங்கப்பா" என்றார். அத்தான் நிதானமாகப் பசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

நம்மை அலட்சியம் பண்ணியது போதாதென்று இப்போது ஊரையே பண்ணுகிறாரா என்று பல்லுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று எழுந்து போனார். பேட்டரியை எடுத்து, கத்துகிற கருவியை அத்தானின் பின்மண்டைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். பிடித்திருந்த அவருக்கே பல் கூசியது. அத்தானின் கை ஒரு நூல்கூட அசங்கவில்லை. பசை நேர்க்கோட்டில் போய்க்கொண்டே இருந்தது.

பல்லு கருவியைப் பிடுங்கி நிறுத்தினார். தோளைத் தொட்டதும் அத்தான் நிமிர்ந்தார். பல்லுவின் கையிலிருந்த பேட்டரியையும் கொட்டகையில் இருந்தவர்களின் முகங்களையும் பார்த்தார். என்ன நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்கள்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமாச்சு. கனமான சத்தம் கேக்குது. கீச்சுன்னு வர்றது எதுவும் கேக்கல." அத்தான் பல்லுவின் வாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஊசியைத் திருகத் திருக எஞ்சின் சத்தம் மேல ஏறும், தெரியுமில்ல? எங்க நிறுத்தணும்னு காதுதான் சொல்லும். எனக்கு ஏறினதே தெரியல. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு திருகிட்டே இருந்தேன். கரண்டுன்னா காது வேண்டாம்."

"என் மேல சந்தேகப்பட்டாங்களே."

"தெரியும் மாப்ளே. செயலாளர் கேட்டப்போ வாய் திறந்திருக்கணும். திறந்தா அடுத்த கேள்வி என் பக்கம் வரும். அதான் சும்மா இருந்துட்டேன். தப்புதான்."

பல்லுவுக்கு அப்போதும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு, "அக்காவுக்குத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார். அத்தான் விழித்தார். "என்ன சொன்ன?"

கையை எடுத்துவிட்டுத் திரும்பக் கேட்டார். அத்தான் இல்லையென்று தலையாட்டினார். ஆபீசுக்கும் தெரியாது. லிஃப்டில் பேரிங் தேய்ந்தால் முதலில் சத்தத்தில்தான் தெரியும். காது போனவனைக் கம்பெனி என்ன செய்யும் என்ற பயம்.

"லிஃப்ட்ல ஜனங்க ஏறி இறங்கறாங்க அத்தான்" என்றார் பல்லு. அத்தான் கார் சாவியைக் கழற்றினார். பிறகு இறங்கிக் கொட்டகைக்குப் போனார். எல்லோரும் இருக்கும்போதே, எஞ்சின் இறுகியது தன் தப்பு, மாப்பிள்ளையின் கலவையில் ஒரு குறையும் இல்லை என்று செயலாளரிடம் சொன்னார். காரணத்தையும் சொன்னார். சொல்லும்போது குரல் தேவைக்கு மேல் உரக்க இருந்தது. யாரும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்று மாலை அக்காவிடம் சொல்லும்போது பல்லுவும் கூட இருந்தார். அக்கா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ரெண்டு வருஷமா நான் திட்டினதெல்லாம் வீணா?" என்றாள். அத்தானுக்கு அது கேட்டதா, வாயசைவில் புரிந்ததா தெரியவில்லை. சிரித்தார்.

அந்த வாரமே கம்பெனியில் சொல்லிவிட்டார். வேலை போகவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு ஒயர் போடும் பிரிவுக்கு மாற்றினார்கள். லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்க முடியாதது அவருக்குப் பெரிய குறை. காதுக்குக் கருவி வந்தது. மைதானத்தில் காற்று அதில் பட்டு இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

அந்த மூன்று பேரும் மறுபடி எரிபொருள் கேட்டு வந்தார்கள். பல்லு கலந்து கொடுத்தார், முன்னைப்போல் சிரித்துப் பேசவில்லை. அத்தானைப் பாதி மன்னித்துவிட்டார். மீதிப் பாதிக்கு நாளாகும்போல் இருந்தது. சில சமயம் பின்னாலிருந்து அத்தான் என்று கூப்பிட்டு, அவர் திரும்பாமல் போகும்போது, நிஜமாகவே கேட்கவில்லையா என்று ஒரு நொடி தோன்றும். தோன்றியதற்கு வெட்கப்பட்டு, எட்டி நடந்து முன்னால் போய் நிற்பார்.