ஃபார், மேடம்?

தமிழ்செல்விக்கு வாய் சும்மா இருக்காது. அதை அவளே ஒத்துக்குவா. செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற தன் வீட்டு மாடி ரூமை வெளிநாட்டுக்காரங்களுக்கு விடுறவ. மாடியில இருக்கிறவங்க படி இறங்கும்போது ஒரு வார்த்தை விசாரிக்கலன்னா அவளுக்குச் சோறு செரிக்காது.

இந்த வருஷம் மாடியில ஹெலன். இங்கிலாந்துக்காரம்மா. அறுபத்தெட்டு வயசு, சுகர் வேற. வந்து எட்டு வாரம் ஆச்சு. மாடிக் கதவு சத்தம் கேட்டா போதும், தமிழ்செல்வி கையில கரண்டியோடவே வாசலுக்கு வந்துடுவா. கிளம்புறவங்களைப் பார்த்து "எங்க போறீங்க"ன்னு கேக்கலாமா? போற காரியம் விளங்குமா? "தூரமா?"ன்னுதான் கேக்கணும். அதையே இங்கிலீஷ்ல கேட்டா, "ஃபார், மேடம்?" அதோட விட்டாளா? இட்லி ஃபினிஷ்? டேப்லெட் ஃபினிஷ்? டாட்டர் போன் ஃபினிஷ்? அந்தம்மாவும் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லிட்டுத்தான் கேட்டைத் தாண்டும்.

ஒருநாள் போனைத் திறந்தா, ரூம் புக் பண்ற ஆப்புல ரூமைப் பத்தி ஹெலன் இங்கிலீஷ்ல நாலு வரி எழுதியிருக்குது. ரூம் சுத்தம், சாப்பாடு ருசி, வீட்டம்மா நல்லவங்க, ஆனா கொஞ்சம் நோசி. கடைசி வார்த்தை மட்டும் புரியல. அர்த்தம் தேடினா, "அதிகம் விசாரிப்பவர்"னு வந்துச்சு. அடேங்கப்பா! கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தவங்க "ஒருத்தரும் வான்னு விசாரிக்கல"ன்னுதானே மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பாங்க? அப்போ அதிகமா விசாரிச்சா அது பாராட்டு இல்லாம வேற என்ன? தெருவுல ஒருத்தர் பாக்கி இல்லாம காட்டினா.

காமேஸ்வரிகிட்டயும் காட்டினா. குருக்கள் வீட்டுப் பொண்ணு, வேங்கிக்கால்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கிறவ. படிச்சவ முகம் சுருங்கிப் போச்சு.

"அக்கா, இது நல்ல வார்த்தை இல்ல. அடுத்தவங்க விஷயத்துல மூக்கை நுழைக்கிறவங்கன்னு அர்த்தம். இதையே 'கேரிங்'னு எழுதியிருந்தா பாராட்டு. செய்யறது என்னமோ ஒண்ணுதான். பிடிச்சா ஒரு வார்த்தை, பிடிக்கலன்னா ஒரு வார்த்தை."

தமிழ்செல்விக்கு மானமே போச்சு. தெருவெல்லாம் காட்டிட்டு வந்தாளே! அடுப்படியில வந்து பாத்திரத்தை டமார்னு வச்சா. "'நான் யார்'னு தன்னைத் தானே விசாரிக்கணும்னு ஆசிரமத்தைத் தேடிக் கடல் தாண்டி வர்றாங்க. நாம ஒரு வார்த்தை விசாரிச்சா மட்டும் மூக்கை நுழைக்கிறதாம்! இனிமே வாயைத் திறந்தா என் பேரை மாத்திக்கறேன்."

மறுநாள் காலையில மாடிக் கதவு திறந்துச்சு. தமிழ்செல்வி அசையல. ஜன்னல் வழியாப் பார்த்தா, ஹெலன் கேட் பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னுது. உள்ள திரும்பிப் பார்த்துது. அப்புறம் போயிடுச்சு. இவளுக்கு ரோஷம் விடல.

மதியம் ரெண்டு மணிக்கு ஹெலனோட மக போன் பண்ணுச்சு. அம்மா போனை எடுக்கலயாம், எங்க போயிருக்காங்கன்னு கேட்டுச்சு. தமிழ்செல்வி மாடிக்கு ஓடினா. கட்டில் மேல போன். மேஜை மேல மாத்திரை அட்டை, ஒண்ணு பிரிச்சிருக்கு. மூடி வச்ச இட்லி அப்படியே இருக்கு. ஐயோ, வெறும் வயித்துல மாத்திரையைப் போட்டுட்டு இந்த வெயில்ல போயிருக்கே! எட்டு வாரமா அந்தம்மா போற இடமெல்லாம் அவளுக்குத் தெரியும். இன்னிக்கு மட்டும் தெரியல. "தெரியல"ன்னு மட்டும்தான் அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல முடிஞ்சுது.

தெருவுல இறங்கி ரெண்டு பக்கமும் ஓடிப் பார்த்துட்டு நிக்கும்போது ஆட்டோக்காரர் இருசப்பன் போன் பண்ணாரு.

"உங்க மாடியம்மா அடி அண்ணாமலையில, மணியம்மாள் டீக்கடையில உக்காந்திருக்குது. கிரிவலம் வந்திருக்குது, கிறுகிறுன்னு வந்துடுச்சு போல. தள்ளாடிப் போனதை அந்தக் கெழவி வுடல. எங்க தங்கியிருக்கே, யார் வூடு, சாப்டியான்னு தமிழ்லயே துளைச்சு எடுத்துட்டா. அது உங்க பேரைச் சொல்லுச்சு. சர்க்கரைத் தண்ணி குடிச்சுத் தேறிடுச்சு. கூட்டியாறேன்."

ஆட்டோ வந்து நின்னதும் தமிழ்செல்வி ஓடிப்போய் கையைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. அழுதுக்கிட்டே திட்டினா.

"இன்னிக்கு ஏன் கேக்கல?"ன்னு ஹெலன் மெதுவா இங்கிலீஷ்ல கேட்டுச்சு. "நீ கேட்டாதான் சாப்பிடலன்னே எனக்கு ஞாபகம் வரும்."

"நீதானே எழுதுனே, நோசின்னு!"

ஹெலன் முகம் செவந்து போச்சு. படியிலயே உக்காந்துடுச்சு. "ஏதோ எரிச்சல்ல இருந்த அன்னிக்கு எழுதுனேன்"னு சொல்லுச்சு.

மறுநாள் காலையில மாடிக் கதவு திறந்துச்சு. தமிழ்செல்வி கரண்டியோட வாசலுக்கு வந்தா. வந்தாளே ஒழிய வாயைத் திறக்கல. இனிமே விசாரிக்க மாட்டேன்னு சபதம் பண்ணவ இல்லையா? ஹெலனும் கேட்டைத் தாண்டல. ரெண்டு பேரும் நின்னாங்க. கடைசியில வெள்ளைக்காரம்மா தமிழ்செல்வியோட இங்கிலீஷ்லயே ஆரம்பிச்சுது.

"நோ ஃபார், தமிழ். இட்லி ஃபினிஷ். டாட்டர் போன் ஃபினிஷ்."

தமிழ்செல்விக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கரண்டியை நீட்டினா.

"டேப்லெட்?"