மறுபாதிக் கயிறு

"நாயை வெளிய கட்டும்மா எமில்டா" என்று மூன்றாவது ஆளாக உபதேசியார் வந்து சொன்னபோது, எமில்டா தன் தம்பி மெல்வினின் நெற்றியில் ஒட்டியிருந்த பூவிதழை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும். இங்கன அழுகிற பாதிப் பேரைவிட அதுக்கு அவன்மேல பாசம் அதிகம்."

உபதேசியார் கூட்டத்துக்குள் நகர்ந்துவிட்டார். சவப்பெட்டி வைத்திருந்த மேசைக்கு அடியில் அவள் நாய் முந்திரி முன்னங்கால்களில் முகத்தை வைத்துப் படுத்திருந்தது. துப்பறியும் அக்காவும் அவ நாயும் என்று திரேஸ்புரத்தில் கேலி பேசாத வாய் கிடையாது. ஆனால் மாப்பிள்ளைப் பையன் குடிப்பானா என்று விசாரிக்க எல்லோரும் அவள் ஆபீஸ் படிதான் ஏறுவார்கள். உப்பளத்தில் கொன்று புதைத்திருந்த ஒரு பெண்ணை முந்திரி கண்டுபிடித்த பிறகு கேலி கொஞ்சம் அடங்கியது. தேடியது கிடைத்தால் அது குரைக்காது. எதிரே போய்ச் சும்மா உட்காரும்.

தலைமாட்டில் மெல்வினின் மனைவி விஜிலா அழுது ஓய்ந்திருந்தாள். அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தான் அவள் அண்ணன் கிளைட்டன். அவன் கண்ணும் சிவந்து வீங்கியிருந்தது. பாவி, நன்றாகத்தான் அழுதான்.

மெல்வின் சங்கு குளிக்கிறவன். அவன் கடலுக்கு அடியில் இருக்கும்போது, மேலே வள்ளத்தில் அவனுடைய இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பது கிளைட்டன். முத்துக்குளித்த காலத்திலிருந்தே கயிறு மச்சான் கையில்தான். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான்? அதனால்தான், அவனுக்குக் காற்று அனுப்பும் மெஷின் நின்றுவிட்டது, இழுத்தேன், கயிறு பாறையில் உரசி அறுந்துவிட்டது என்று அவன் சொன்னதை ஊர் அப்படியே விழுங்கியது. மறுநாள் உடல் துறைமுகத்துப் பக்கம் ஒதுங்கியபோது இடுப்பில் அறுந்த கயிறு இருந்தது. மேலே இருந்த மீதி எங்கே என்று எமில்டா மட்டும்தான் கேட்டாள்.

"அதுவும் கை நழுவிக் கடல்ல போயிட்டு மைனி" என்றான் கிளைட்டன்.

அவள் நம்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் மெல்வின் அவளிடம் பொரிந்து தள்ளியிருந்தான். "கிளைட்டன் கடலட்டை கடத்துதான்க்கா. மச்சான்னு பாக்க மாட்டேன், போலீஸ்ல சொல்லிருவேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்."

நேற்று எல்லோரும் ஆஸ்பத்திரியில் உடலுக்காகக் காத்திருந்தபோது, எமில்டா மெல்வினின் சட்டையை முந்திரிக்கு முகரக் கொடுத்துக் கிளைட்டன் வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போனாள். அது கோழிக்கூட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. உடனே இன்ஸ்பெக்டர் உமாராணியை வரவழைத்தாள். அவர் முன்னிலையில் தோண்டியபோது பச்சை நைலான் கயிறு சுருளாக வந்தது. ஒரு முனையில் ரோஸ் சேலைத் துணி சுற்றியிருந்தது. அண்ணன் உள்ளங்கை காய்த்துப்போகிறது என்று விஜிலா சுற்றிக்கொடுத்த துணி. மறுமுனையில் கத்தி வெட்டு.

மூழ்கிச் செத்தவன் கயிற்றைக் கடலில் போட்டால் அது இன்னொரு ஆளைக் கேட்கும் என்று குளியாட்கள் வீடுகளில் ஒரு பயம் உண்டு. மச்சானைக் கொல்லக் கூசாதவன் கயிற்றுக்குப் பயந்திருக்கிறான். தூ!

உமாராணி வெட்டு முனையை மட்டும் நறுக்கி, உடலில் இருந்த கயிற்றோடு வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

"இப்பவே தூக்கிரட்டுமா?"

"அடக்கம் முடியட்டும் மேடம். அந்த மீதிக் கயித்தை மட்டும் ஒரு பொழுதுக்குக் குடுங்க."

உமாராணி கயிற்றைச் சுருட்டி அவளிடம் நீட்டினார். "நாளைக்குச் சாயங்காலம் என் மேசைக்கு வந்துரணும்" என்றார்.

கோர்ட்டு அவனுக்கு எதை வேண்டுமானாலும் கொடுக்கட்டும். அதற்கு முன்னால் அந்தக் கை அந்தக் கயிற்றை இன்னொரு தடவை பிடிக்க வேண்டும், ஊர் பார்க்க. எமில்டாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் உமாராணி மஃப்டியில் நின்றிருந்தார். சாமியார் ஜெபத்தை முடித்தார். குழியின் மேல் பலகைகளில் பெட்டி இருந்தது. இறக்குவதற்கு ஒரு கயிற்றை அடியில் கொடுத்தார்கள். இன்னொன்றை எமில்டா தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நாலு முனைக்கு நாலு பேர் வேண்டும். மூன்று பேர் வந்துவிட்டார்கள்.

"கிளைட்டன், நீ வாலே."

அவன் பின்னால் நகர்ந்தான். "என்னால முடியாது மைனி. கையெல்லாம் நடுங்குது. வேற ஆளைக் கூப்பிடுங்க."

"மச்சான் இருக்கும்போது வேற ஆளா? இத்தனை வருசம் அவன் கயித்தை யாருலே பிடிச்சா?"

ஊரே அவனைப் பார்த்தது. விஜிலாவும் ஈரக் கண்ணோடு, "போண்ணே" என்றாள். அவன் வந்தான். எமில்டா தான் கொடுத்த கயிற்றின் முனையைத் தன் கைக்குள் மூடியபடியே அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

பலகைகளை உருவினார்கள். பெட்டியின் கனம் நாலு பேர் கையிலும் இறங்கியது. அப்போதுதான் எமில்டா கையை எடுத்தாள்.

கிளைட்டன் குனிந்து பார்த்தான். விரல்களுக்கு நடுவில் ரோஸ் துணி. கை தளர, பெட்டி அவன் பக்கமாகச் சரிந்தது. கூட்டம் அலறியது.

"விட்டுராதலே" என்றாள் எமில்டா, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி. "இந்தத் தடவையாவது விட்டுராத."

அவன் பிடித்தான்.

விஜிலா அழுகையை நிறுத்தியிருந்தாள். "மைனி, அது நான் சுத்துன துணில்லா? கயிறு கடல்ல போயிட்டுன்னு அண்ணன் சொன்னானே?"

விஜிலாவின் பார்வை துணியிலிருந்து அண்ணன் முகத்துக்கு ஏறி அங்கேயே நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் கயிறு இறங்கிக்கொண்டிருந்தது.

பெட்டி தரை தட்டியது. மற்ற மூன்று பேரும் கயிற்றை விட்டுவிட்டுக் கையை உதறினார்கள். கிளைட்டன் மட்டும் விடவில்லை. வாசல் பக்கமிருந்து உமாராணி நடந்து வந்தார். எமில்டாவின் காலடியில் கிடந்த முந்திரி எழுந்து, குழியைச் சுற்றிப் போய், அவன் எதிரே உட்கார்ந்தது.