பட்டாணிக்கு வாங்கிய மூன்று சாமான்கள்

எக்ஸ்ரேக்காரர் கடைக்குள் நுழைந்ததும் சுற்றி வளைக்கவில்லை.

"ஏழு வயசுப் பொண்ணு. வெளியில வச்சு விளையாடுற சாமான் வேணும். பேட்டரி, பட்டன் எதுவும் கூடாது. வலது கெண்டைக்காலுக்கு நல்லா வேலை கொடுக்கணும்."

விளையாட்டுச் சாமான் விற்கும் அந்த அம்மாளுக்கு இருபது வருஷ அனுபவம். அழுகிற பிள்ளை, அடம்பிடிக்கிற பிள்ளை, பிள்ளையைவிட அடம்பிடிக்கிற அப்பா என்று எல்லாரையும் பார்த்தவர். கெண்டைக்காலுக்குச் சாமான் கேட்டு வந்த ஆளை அன்றுதான் பார்த்தார்.

"பாப்பாவுக்கு என்ன பிடிக்கும் சார்?"

"அது அப்புறம். மொதல்ல தசை."

கடைக்கார அம்மாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள விரும்பாமல் ஒரு பந்தை எடுத்து வைத்தார். எக்ஸ்ரேக்காரர் அதை நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தார். தரையில் தட்டி, எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தார். பெண் பார்க்கப் போனவர்கள்கூட இத்தனை சோதனை செய்திருக்க மாட்டார்கள். கடைசியில் வாங்கிக்கொண்டு போனார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நாலு மாதத்துக்கு முன் அவருடைய மகள், வீட்டில் எல்லாரும் பட்டாணி என்று கூப்பிடும் பெண், குடியிருப்பின் மாடிப்படியில் மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கி விழுந்தாள். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்ததே அவர்தான். எத்தனையோ பேரின் எலும்பைப் பார்த்த மனுஷன், தன் பிள்ளையின் எலும்பைத் திரையில் பார்த்ததும் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். மாவுக்கட்டு போட்டு, பிரித்து, மறுபடி படம் எடுத்தாயிற்று. எலும்பு கச்சிதமாகக் கூடியிருந்தது. "கால்ல ஒரு குறையும் இல்ல. ஓடச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

ஓடினால்தானே? வீட்டுக்குள்ளேயே நடக்கத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது காலை இழுத்து இழுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போனது. கீழே முற்றத்தில் மற்ற பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும்போது இவள் படியில் உட்கார்ந்து தன் செருப்பின் வாரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். இந்த நடை இப்படியே பழகிவிட்டால் அப்புறம் மாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் அடுத்த முறை மெதுவாகச் சொன்னார். அன்றிலிருந்து எக்ஸ்ரேக்காரருக்கு வேறு நினைப்பே இல்லை. மகள் இனி ஓடவே மாட்டாளோ என்று பயந்தார். பயத்தை யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட.

மனைவிக்கும் அதே பயம்தான். அவள் தையல்காரி. அவளுக்குத் தெரிந்த வழியில் அவள் பயந்தாள். தினமும் சாயங்காலம் பட்டாணியை நிற்கவைத்து, இஞ்ச் டேப்பால் இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் சாக்கட்டியால் எழுதிவைப்பாள். இடது இவ்வளவு, வலது இவ்வளவு. வலது எப்போதும் அரை இஞ்ச் குறைச்சல்.

"இன்னைக்கும் அதே அரை" என்பாள் அம்மா.

"டேப்பை இழுத்துப் பிடிச்சியா?" என்பார் அப்பா.

"இருபது வருஷமா டேப்பு பிடிக்கிறேன். எனக்கே சொல்லித் தரீங்களா?"

நடுவில் அளவு கொடுத்துக்கொண்டு நிற்பவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பந்து வந்த அன்று எக்ஸ்ரேக்காரர் முற்றத்தில் சாக்கட்டியால் கோடு போட்டார். மூன்று எட்டு வைத்து வலது காலால் உதைக்க வேண்டும். அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். கண் பந்தில் இல்லை.

"குதிகாலை ஊனு. ஊனு. ஏன் பாதம் வெளிப்பக்கம் திரும்புது? மறுபடி வா."

பட்டாணி நாலு தரம் உதைத்தாள். ஐந்தாவது தரம் பந்தின்மேல் உட்கார்ந்துகொண்டாள். அத்தோடு பந்தின் கதை முடிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு போய் நன்றாக விளையாடினார்கள்.

"பந்து சரியில்ல" என்று அவர் கடையில் போய்ச் சொன்னார்.

"பந்துல என்ன சார் சரியில்லாம போகும்?"

"ஒரே இடத்துல நிக்க வைக்குது. தொடர்ந்து ஓட வைக்கணும்."

அம்மாள் பெரிய வளையம் ஒன்றையும் குச்சியையும் எடுத்துக் கொடுத்தார். குச்சியால் தட்டி உருட்டிக்கொண்டே பின்னால் ஓட வேண்டும். நின்றால் வளையம் விழுந்துவிடும். எக்ஸ்ரேக்காரருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மகள் கையில் கொடுக்குமுன் முற்றத்தை மூன்று சுற்று அவரே உருட்டிப் பார்த்தார். மேல்மாடிக்காரர் ஜன்னலைத் திறந்து, "ஆஸ்பத்திரிக்கு லீவா சார்?" என்று கேட்டார்.

பட்டாணிக்கும் சிரிப்பு வந்தது. குச்சியை வாங்கி வளையத்தைத் தட்டினாள். இரண்டு எட்டு வேகமாகவே வைத்தாள். அதற்குள் இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்து, பாதம் எப்படி விழுகிறது என்று போனில் படம் பிடிக்க ஆரம்பித்தார். வேலைக்குப் போட்டுப் போகும் வெள்ளைச் சட்டையோடு!

பட்டாணி நின்றுவிட்டாள். வளையம் தன்பாட்டுக்கு உருண்டு போய் மேல்மாடிக்காரரின் ஸ்கூட்டரில் முட்டி விழுந்தது.

"என்னம்மா, வலிக்குதா?"

"வலிக்கல."

"பின்னே ஏன் நின்னுட்டே?"

"நீங்க பாத்தா எனக்கு எப்படி நடக்கணும்னே மறந்துபோகுதுப்பா."

இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை என்னதான் சொல்லும்? எக்ஸ்ரேக்காரரும் கேட்டார், தலையாட்டினார், யோசித்தார். யோசித்து அவர் கண்ட முடிவு, இனிமேல் பார்ப்பது தெரியாமல் பார்க்க வேண்டும் என்பது. ஆஸ்பத்திரியில் படம் எடுக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் போய், கண்ணாடி வழியாகப் பார்த்தே பழகிய ஆள். வேறென்ன தோன்றும்?

மறுநாளிலிருந்து அவரும் மனைவியும் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றார்கள், கண்கொத்திப் பாம்பு மாதிரி. "இப்ப எழுந்திருக்கிறா." "வலது காலை முன்னால வைக்கிறாளா?" "தள்ளுங்க, எனக்குத் தெரியல." கீழே இருந்தவள் ஒரே ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள். காற்றே இல்லாத நாளில் திரை மட்டும் ஆடினால் எந்தப் பிள்ளைக்குத்தான் புரியாது? வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, விளையாட்டு நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலம் அளக்கவும் காலைக் கொடுக்கவில்லை. போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை கடைக்குப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போனார். யோசித்துச் செய்ததல்ல, அன்று மனைவிக்குத் தைத்து முடிக்க வேண்டிய உடுப்புகள் இருந்தன. கடைக்கார அம்மாள் அவரைப் பார்த்ததும், "இன்னைக்கு எந்தத் தசை சார்?" என்றார். அவர் பதில் சொல்வதற்குள் குனிந்து பட்டாணியைக் கேட்டார். "உனக்கு என்ன கண்ணு வேணும்?"

பட்டாணி கையை நீட்டினாள். சுவரில் ஒரு பட்டம் தொங்கியது. மஞ்சள் தாள், இரண்டு குச்சி, கந்தல்துணி வால். அவ்வளவுதான்.

"இதுல காலுக்கு என்ன வேலை இருக்கு?" என்றார் எக்ஸ்ரேக்காரர். "சும்மா நின்னுக்கிட்டு நூலைப் பிடிக்கிறதுதானே?"

"எனக்கு இதுதான்."

"வேற பாரும்மா. அங்க ஸ்கிப்பிங் கயிறு இருக்கு பாரு."

"இதுதான்பா."

குரல் உடைந்துவிடும்போல இருந்தது. அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. போகட்டும், ஒருநாளாவது பிள்ளை கேட்டதை வாங்கிக்கொடுப்போம் என்று வாங்கினார். உண்மையைச் சொன்னால், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்கு மனசே விட்டுப்போயிருந்தது. பார்த்துப் பார்த்து வாங்கிய இரண்டும் குட்டிச்சுவர். இந்தத் தாளும் குச்சியுமா அவளை ஓட வைக்கப்போகிறது?

விடுமுறை நாள் காலையில் மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் திறந்த மைதானத்துக்குப் போனார்கள். நல்ல காற்று. அப்பா நூலைப் பிடிப்பது, அம்மா நூற்கண்டை வைத்துக்கொள்வது, பட்டாணி ஐம்பது அடி தள்ளி நின்று பட்டத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, சொன்னதும் விடுவது என்று ஏற்பாடு. அந்த ஐம்பது அடியையும் அவள் நொண்டி நொண்டித்தான் போனாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"விடு!"

விட்டாள். பட்டம் ஓராள் உயரம் எழும்பி, தலைகுப்புற விழுந்தது. எழும்பிய நேரத்தில் நூலை இழுத்திருக்க வேண்டும். இழுக்க வேண்டியவர், விட்டதும் பின்வாங்கிய மகளின் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை பட்டம் பட்டாணியின் தலையிலேயே விழுந்தது.

பட்டாணிக்கு வந்ததே கோபம்! காற்றில் அந்தக் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

"அப்பா! பட்டத்தைப் பாருங்க! என் காலைப் பாக்காதீங்க! அது விழுந்துடுது! அம்மா, நீங்களும்தான்!"

எக்ஸ்ரேக்காரர் முகம் செத்துப்போனது. அக்கம்பக்கத்தில் ஆளில்லை, இருந்தாலும் நாலு பேர் நடுவில் மூக்குடைபட்டது மாதிரி இருந்தது. மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"பிள்ளை சரியாத்தானே சொல்லுறா" என்றாள் அவள் மெல்ல. "நாம எதையும் பாக்கல. காலை மட்டும்தான் பாத்தோம்."

அவர் நூலை விரலில் சுற்றிக்கொண்டு, "விடும்மா" என்றார். இந்த முறை தாளின்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. பட்டம் எழும்பியது, இழுத்தார், தளர்த்தினார், மறுபடி இழுத்தார். நடுங்கியது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அப்புறம் காற்று பிடித்துக்கொண்டது. நூற்கண்டு மனைவியின் கையில் விறுவிறு என்று சுற்றியது. பட்டம் ஏறி ஏறிக் கட்டைவிரல் அளவு ஆயிற்று.

"ஏறிடுச்சு! அப்பா, ஏறிடுச்சு! என்கிட்ட குடுங்க! நான் பிடிக்கணும்!"

"வா, வந்து வாங்கிக்கோ" என்றார் அவர், மேலே பார்த்தபடியே.

அப்போது காலடிச் சத்தம் கேட்டது. முதலில் தத்தக்கா பித்தக்கா என்று. ஒரு அடி அழுத்தமாக, ஒரு அடி இலேசாக. பிறகு இரண்டும் ஒன்றுபோல, வேகமாக, மண்ணை உதைத்துக்கொண்டு, செருப்பு பட்பட்டென்று குதிகாலில் அடிக்க.

கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும், எதிரேதான். நாலு மாதமாக அவர் காத்திருந்தது ஐம்பது அடிக்குள் நடந்துகொண்டிருந்தது. கழுத்து தானாக இறங்கப் பார்த்தது. மனைவி அவர் முழங்கைக்கு மேலே நறுக்கென்று கிள்ளினாள்.

"பாக்காதீங்க."

"நான் பாக்கல. நீ?"

"நானும் பாக்கல."

இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பட்டம் அவர்களுக்குத் தெரியவில்லை. இருவர் கண்ணிலும் தண்ணீர்.

பட்டாணி வந்து அப்பாவின் வயிற்றில் முட்டி நின்றாள். மூச்சு வாங்கியது. நூலைப் பிடுங்கிக்கொண்டு, சந்தேகமாக இருவரையும் அண்ணாந்து பார்த்தாள்.

"நான் வர்றதைப் பாத்தீங்களா?"

"இல்லம்மா" என்றார் அப்பா. "பட்டத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பட்டாணி அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பொய் இல்லை என்று தெரிந்ததும் நூலைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"நல்லது. நான் இன்னொரு தடவை அங்க போயிட்டு வரப்போறேன்" என்று சொல்லி நூலை அம்மாவிடம் கொடுத்தாள். "ரெண்டு பேரும் மேலயே பாருங்க."

அவர்கள் மேலேயே பார்த்தார்கள்.