தம்முக்கு வைத்த பாரம்

திண்டுக்கல் பேகம்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பண்டாரி ரஹ்மத்துல்லாவுக்கு இரண்டே பிடிவாதம் என்று. கல்யாண வீட்டில் பிரியாணிச் சட்டிக்குத் தம் போட்டுவிட்டால் மூடி திறக்கும்வரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். மாப்பிள்ளையே வந்து கூப்பிட்டாலும் சரி. அடுத்தது, மெஹராஜ் இல்லாத வீட்டில் அவருக்குச் சோறு இறங்காது. ஊருக்கே ஆக்கிப் போடுகிற மனுஷன், பெண்டாட்டி ஒரு நாள் மகள் வீட்டுக்குப் போனால் டீயும் பன்னுமாகக் காலம் தள்ளுவார். தெருவே கேலி பேசும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

தம் போடும்போது மூடிமேல் நெருப்புக் கங்குகளை அள்ளிப் போட்டு, ஆவி தப்பாமல் இருக்க நடுவில் கனமாக எதையாவது வைக்க வேண்டும். சிலர் தண்ணீர் அண்டாவைத் தூக்கி வைப்பார்கள், சிலர் கருங்கல்லை. ரஹ்மத்துல்லாவுக்கு அவருடைய சேக்காளி, பழைய இரும்புக் கடை அப்துல் கையூம், ஓர் இரும்பு உருளையைக் கொடுத்தார். வெளிநாட்டில் மூடிப்போன ஏதோ ஆலையை உடைத்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கழிவு இரும்பாக வந்த சரக்கில் கிடந்தது அது. குடம் உயரம்கூட இல்லை. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மேலே மஞ்சள் தகட்டில் மூன்று இதழ்ப் பூ மாதிரி ஒரு படம்.

"இது ஒனக்குன்னே கப்பலேறி வந்திருக்கு மச்சான். ஆவி என்ன, ஜின்னுகூட வெளிய வர முடியாது," என்றார் கையூம்.

அந்தக் கனம் முழுக்க ஈயம். ஈயத்தை எதற்காக ஊற்றியிருந்தார்கள், அதன் நடுவில் என்ன உட்கார்ந்திருந்தது என்பதெல்லாம் இந்த இருவருக்கும் தெரிய நியாயமில்லை. உலகத்தில் எந்த ஆலையிலும் அதை அடுப்பில் வைத்திருக்க மாட்டார்கள். நம் ஆள் கங்குக்கு நடுவில் வைத்தார். கல்யாணத்துக்குக் கல்யாணம் வைத்தார். பூப்படம் முதல் விருந்திலேயே கருகிவிட்டது. பிறகு ஒரு வலீமா விருந்தில் மூடியின்மேல் வெள்ளி மாதிரி ஏதோ வழிந்து உறைந்திருக்க, உருளை லேசாகிப் போயிருந்தது. இனி அது தம்முக்கு ஆகாது. ஆனாலும் தூக்கிப் போட மனசு வரவில்லை, கரண்டிச் சாக்குக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பண்டாரியின் கரண்டிகள் வாசலில் கிடந்தால் வீட்டின் பரக்கத்தும் செழிப்பும் போய்விடும் என்று அவருடைய அத்தா காலத்திலிருந்து ஒரு வழக்கம். சாக்கு எப்போதும் உள்ளறையில், மெஹராஜ் படுக்கும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். அவர் குறட்டைக்காரர் என்பதால் அவருக்குப் பாய் முன்கூடத்தில்.

அந்த மழைக்காலத்தில்தான் மெஹராஜ் சோர்ந்து போக ஆரம்பித்தாள். பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. கையில் காரணமில்லாமல் கறுப்புக் கறுப்பாய்த் திட்டு. ரஹ்மத்துல்லாவின் உள்ளங்கையிலும் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. கங்கு சுட்டது என்று அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மெஹராஜை மதுரைக்குக் கூட்டிப்போனார். ரத்தம் ஊறவில்லை, ஏன் என்று தெரியவில்லை என்றார்கள். ரத்தம் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவரை கொஞ்சம் தெளிந்தவள், வீட்டுக்கு வந்ததும் மறுபடி படுத்துவிட்டாள்.

கடைசியில் மகள் ஷமா வந்து, தாயை வத்தலக்குண்டில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே போனதும் மெஹராஜ் தேறினாள். உண்மையாகவே தேறினாள். முகத்தில் ரத்தம் ஓடியது, மாடிப்படி ஏறினாள், மருமகனுக்குத் தாளிச்சா வைத்துக் கொடுத்தாள். போனில் அவள் குரல் கேட்டபோது ரஹ்மத்துல்லாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நோன்புக்குச் சில நாளே இருக்கும்போது நேரே பஸ் ஏறிப் போய் நின்றார்.

"அத்தா, அம்மா இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்," என்றாள் ஷமா. "இப்பத்தான் எந்திரிச்சு நடக்குறாக."

"நோன்பும் அதுவுமா வீடு இருட்டாக் கெடக்கணுமா? நான் யாரோட நோன்பு தொறக்குறது? வீட்டுல இருந்தா இன்னும் நல்லாயிருவா," என்றார். குரல் உயர்ந்துவிட்டது. ஷமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெஹராஜ்தான் சமாதானம் செய்தாள். "விடுத்தா. அந்த மனுசன் டீயும் பன்னுமாத் தின்னு துரும்பாப் போயிட்டாரு. நான் போறேன்," என்று பையை எடுத்தாள். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவ்வளவு நிம்மதியான பயணம் அவருக்கு வாழ்க்கையில் அமைந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் தலையணையைத் தட்டிப்போட்டு, கட்டிலில் அவரே படுக்க வைத்தார்.

நோன்பு பாதி கழிவதற்குள் அவள் எழுந்திருக்க முடியாமல் போனாள்.

அப்படி ஒரு பகலில்தான் புவனேஸ்வரி வந்தாள். அணுசக்திப் பாதுகாப்பைக் கண்காணிக்கிற அலுவலகத்து அதிகாரி, ஒட்டன்சத்திரத்துப் பெண். கையூமின் கடையிலிருந்து விசாரித்துக்கொண்டு, கையில் ஒரு கருவியோடு தெருவுக்குள் நுழைந்தாள். வாசலுக்கு வருமுன்பே கருவி கத்தத் தொடங்கியது. அவள் முகம் வெளிறிவிட்டது. "ஏனுங்க பாய், உள்ள யாருங்க இருக்காங்க? மொதல்ல அவங்கள வெளிய கூட்டிட்டு வாங்க," என்றாள்.

மெஹராஜைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். உருளையைத் தடித்த பெட்டியில் அடைத்து எடுத்துப் போனார்கள். அது ஆலையில் தொட்டிக்குள் சரக்கு எவ்வளவு உயரம் இருக்கிறது என்று அணுக்கதிர் பாய்ச்சிப் பார்க்கிற கருவியாம். ஈயம் இருந்தவரை கதிரை அது கட்டி வைத்திருந்தது. ஈயம் உருகியதும் காவல் போய்விட்டது.

"இது இங்க இருக்குன்னு ஒங்களுக்கு எப்படித்தா தெரிஞ்சது?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டார் ரஹ்மத்துல்லா.

"அந்த ஆலை இருந்த நாட்டுல எங்கள மாதிரி ஒரு ஆபீஸ் இருக்குங்க. கருவி ஒண்ணு குறையுது, தூத்துக்குடிக்கு அனுப்புன பழைய இரும்போட வந்திருக்கும்னு அவங்கதான் எங்களுக்குச் சொன்னாங்க. எங்க வேலையில நாட்டுக்கு நாடு ஒளிக்காமச் சொல்லிக்கோணும், அதுதானுங்க முறை." சற்றுத் தயங்கிவிட்டுச் சேர்த்தாள்: "குறையுதுன்னு அவங்களுக்கு ரொம்ப முன்னாடியே தெரியுமுங்க. எண்ணுனதுல தப்பு, அங்கயேதான் எங்காவது கிடக்கும்னு இருந்துட்டாங்க. அடுத்த நாட்டுக்காரங்ககிட்டச் சொல்லக் கூச்சம்."

எம்புட்டு முன்னாடி என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

இப்போது எல்லாரும் ஓடி ஓடி உதவினார்கள். மூன்று நாட்டு மருத்துவர்கள் திரையில் வந்து யோசனை சொன்னார்கள், மருந்து விமானத்தில் வந்தது. மெஹராஜுக்கு அது பற்றியெல்லாம் அக்கறையில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தப் பிரியாணி தின்ன பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாதுங்கம்மா. கதிர் பட்டதுனால சோறு கெடாதுங்க. பக்கத்துல உக்காந்திருந்த ஆளுகளையும் பரிசோதிச்சாச்சு, நல்லா இருக்காங்க," என்றாள் புவனேஸ்வரி.

"அல்லாவே, அது போதும்." கணவரின் கட்டுப் போட்ட கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். பெருநாளைக்கு முதல் நாள் போய்விட்டாள்.

சில மாதம் கழித்துப் புவனேஸ்வரி மறுபடி வந்தாள். பல நாட்டு அதிகாரிகள் திரையில் கூடுகிறார்கள். ஈயம் எப்படி உருகியது என்று அவர் வாயால் கேட்டால், இனி ஒரு கருவி காணாமல் போனால் யாரும் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்றாள். ஷமா போக வேண்டாம் என்றாள். அவர் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

கலெக்டர் அலுவலகத்தில் ஓர் அறை. திரை முழுக்கச் சின்னச் சின்ன முகங்கள். கங்கு, மூடி, சாக்கு, கட்டில் எல்லாவற்றையும் சொன்னார். புவனேஸ்வரி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் அந்த நாட்டு அதிகாரி, நரைத்த தலை அம்மாள் ஒருத்தி, எழுந்து நின்று ஏதோ சொன்னாள். "மன்னிப்புக் கேக்கறாங்க பாய். நீங்க எதாச்சும் கேக்கறதா இருந்தா கேக்கச் சொல்றாங்க."

அவர் புவனேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு கேளுத்தா. நான் போயி அவளைக் கூட்டியாராம இருந்திருந்தா, வத்தலக்குண்டுலயே அவ மக வீட்டுல இருந்திருந்தா, இன்னைக்கு உசுரோட இருப்பாளா?"

புவனேஸ்வரி தட்டுத் தடுமாறி அதைக் கேட்டாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். ரஹ்மத்துல்லாவையே பார்த்துக்கொண்டு "யெஸ்" என்றாள். பிறகு அழுதுகொண்டே இன்னும் நிறைய சொன்னாள்.

புவனேஸ்வரி திரும்பினாள். "நோவு முன்னாடியே முத்திப்போச்சுங்களாம் பாய். எங்க இருந்திருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டாங்களாம். உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்களாம்."

ஒளிக்காமல் சொல்வதுதான் முறை என்று சொன்ன பெண். இப்போது அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். 'யெஸ்' என்றால் என்ன என்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவளுக்குக்கூடத் தெரியும்.

"அப்படியாத்தா," என்றார். "நல்லது. இப்பத்தான் மனசு ஆறுச்சு." ஆறாத கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு எழுந்தார்.

வெளியே வெயில் கொளுத்தியது. "பாய், மத்தியானம் ஆயிருச்சுங்க. வாங்க, ரெண்டு வாய் சாப்பிட்டுப் போலாம்," என்று புவனேஸ்வரி பின்னாலேயே வந்தாள்.

"சோறு வேணாந்தா," என்றார் ரஹ்மத்துல்லா. "எனக்கு ஒரு டீயும் பன்னும் போதும்."