எழுபத்திரண்டு கிலோவுக்குச் செய்த இருக்கை

தராசு வைத்துப் பிழைப்பவர்கள் எல்லோருக்கும் எடை ஆய்வாளரின் மோட்டார் சைக்கிள் சத்தம் தெரியும். அது தெருமுனையில் கேட்டதுமே காய்கறிக் கடைக்காரர் தட்டின் அடியில் ஒட்டியிருப்பதைத் துடைப்பார். பழைய இரும்புக் கடைக்காரருக்குத் திடீரென்று வெளியில் வேலை வந்துவிடும். ஆய்வாளர் நிதானமாக இறங்குவார். வண்டியின் பக்கவாட்டுப் பெட்டிகளைத் திறந்து, துணியில் சுற்றிய ஐந்து கிலோ எடைக்கற்கள் நான்கையும் எடுத்துத் தட்டில் வைத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் முத்திரை. தப்பாக இருந்தால் 'பயன்படுத்தக் கூடாது' என்ற சிவப்புச் சீட்டு. கல்லை வைத்துப் பார்க்காமல் ஒரு தராசையும் அவர் குற்றம் சொன்னதில்லை. இது ஊருக்கே தெரியும். அவரே ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

இத்தனை தராசுகளைச் சோதித்தவர், கல்யாணத்துக்குப் பிறகு தான் மட்டும் எதிலும் ஏறி நின்றதில்லை. தேவைப்படவில்லை. கல்யாணத்தின்போது எழுபத்திரண்டு கிலோ இருந்தார், இடுப்பு முப்பத்திரண்டு அங்குலம். இன்றைக்கும் முப்பத்திரண்டுதான். கால்சட்டைப் பட்டியின் உட்புறம் மனைவி தைத்து வைத்திருக்கும் சின்னத் துணித்துண்டில் அந்த எண் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். இடுப்பு மாறாதவருக்கு எடை மட்டும் எப்படி மாறும்?

மாறியது முதுகுதான். நாளெல்லாம் வண்டியில் சுற்றிவிட்டு வந்தால் இடுப்புக்குக் கீழே யாரோ இரண்டு ஆணி அடித்து வைத்ததுபோல் வலித்தது. மனைவி முன்னறையில் தையல் கடை நடத்துகிறவள். பகலெல்லாம் ஊராருக்குத் தைத்து ஓய்ந்த கை, சாயந்திரமானால் இவருக்குத் தைலம் தேய்த்தது. ஒருநாள் அவள் குப்பியை மூடி மேசைமேல் டக்கென்று வைத்தாள்.

"இதோ பாருங்க, இந்த வீட்ல ஒண்ணு தைலம் இருக்கணும், இல்ல வண்டி இருக்கணும். ரெண்டுக்கும் சேர்த்து எனக்குக் கையில தெம்பு இல்ல."

"வண்டி என்ன பண்ணுச்சு? சீட்டுதான் கோளாறு."

"அப்ப சீட்டை மாத்துங்க. மாத்தியும் வலிக்குதுன்னா, தங்கச்சி வீட்டுக்காரர் எப்பலேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கார், அவர்கிட்ட சாவியைக் குடுத்துடுங்க."

சகலை அந்த வண்டிமேல் கண்ணாக இருப்பது ஆய்வாளருக்குத் தெரியும். தொலைபேசியில் பேசினால்கூட "வண்டி எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்பான். வண்டி போனால் அலுவலகத்தில் ஒரு மேசை போட்டு, மற்றவர்கள் எழுதிய அறிக்கைகளைச் சரிபார்க்க உட்கார வைத்துவிடுவார்கள். தெருவுக்குள் நுழையும்போது எழும் அந்தச் சின்னக் கலவரம் இல்லாமல் அவர் எதற்காகக் காலையில் எழுந்திருக்க வேண்டும்?

மனைவியையும் கூட்டிக்கொண்டு இருக்கை செய்கிறவரிடம் போனார். அவர் பட்டறை வாசலில் 'மெத்தை டாக்டர்' என்று பலகை மாட்டியிருந்தார். எந்தக் கல்லூரியும் கொடுக்காத பட்டம், அதனால் எவரும் பறிக்கவும் முடியவில்லை. உள்ளே சுவரெங்கும் தோலுரித்த இருக்கைகள் ஆணியில் தொங்கின. பசை நெடி மூக்கைத் துளைத்தது. டாக்டரின் புருவத்தில் மஞ்சள் ஃபோம் தூள் படிந்திருந்தது.

"நோயாளி யாரு? ரெண்டு பேருமா?"

"வண்டி" என்றார் ஆய்வாளர்.

"வண்டிக்கு வலிக்காது சார். வலிக்கிற ஆளைச் சொல்லுங்க."

பேச்சோடு பேச்சாக அவர் இருக்கையைக் கழற்றிக் குப்புறப் போட்டு, ஓரத்துப் பின்களைக் குறட்டால் பிடுங்கி, மேலுறையை உரித்துவிட்டார். உள்ளே ஃபோம் இரண்டு இடத்தில் அமுங்கி, எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தது.

"எவ்வளவு மெத்துன்னு இருக்கு பாருங்க. இந்தச் சீட்டை வாங்கறப்போ கட்டைவிரலால அழுத்திப் பார்த்து வாங்கினீங்களா?"

"ஆமா."

"ஏன் சார், கட்டைவிரலாலயா வண்டியில உட்காரப் போறீங்க?"

கேலிதான், ஆனால் அதற்குள் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. உட்காரும்போது நம் பாரம் பின்புறச் சதை முழுவதும் பரவி இறங்குவதாக நினைத்துக்கொள்கிறோம். இடுப்புக்கூட்டின் அடியில் முட்டையின் முனை போல இரண்டு எலும்புகள் இருக்கின்றன. பாரத்தில் பெரும்பங்கு அந்த இரண்டில்தான் இறங்குகிறது. உள்ளங்கைகளை அடியில் வைத்து உட்கார்ந்து பார்த்தால் யாருக்கும் தட்டுப்படும். மெத்தென்ற ஃபோம் அந்த எலும்புகளுக்கு மரியாதையாக வழிவிடும். வழிவிட்டுக்கொண்டே போய், அடியிலிருக்கும் தகட்டில் கொண்டுபோய் நிறுத்தும். அப்புறம் நீங்கள் உட்கார்ந்திருப்பது தகட்டில். மெத்தை சும்மா சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். ஆகவே நல்ல ஃபோம் எலும்பைப் பாதி வழியில் பிடித்து நிறுத்துகிற அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பதை உட்காருகிறவரின் எடை தீர்மானிக்கிறது. எழுபது கிலோவைத் தாங்கும் ஃபோம் தொண்ணூறுக்கு நசுங்கிவிடும். தொண்ணூறுக்குச் செய்தது எழுபது கிலோக்காரருக்குப் பாறை.

டாக்டர் ஈரக் களிமண்ணைப் பலகைபோலப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, ஆய்வாளரை உட்காரச் சொன்னார். அவர் எழுந்ததும் மண்ணில் இரண்டு குழிகள். அவற்றுக்கு நடுவேயுள்ள தூரம்தான் இருக்கையின் அகலத்தைச் சொல்லும்.

"அகலம் சரி. ஆனா குழி ரொம்ப ஆழமா இருக்கே?"

"மண்ணுல ஈரம் ஜாஸ்தி" என்றார் ஆய்வாளர்.

அடுத்து மனைவி உட்கார்ந்தாள். சாதாரணக் குழிகள். அதற்குள் ஈரம் குறைந்துவிட்டது போலும்.

மூலையில் களிமண் மூட்டைகளை நிறுக்கும் பெரிய முள் தராசு ஒன்று இருந்தது. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். "அறுபத்தொண்ணு, சரியாத்தான் காட்டுது" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். ஆய்வாளர் ஏறினார். முள் எழுபத்திரண்டில் நிற்காமல், தெரிந்தவர் வீட்டைக் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஆள்போல விறுவிறுவென்று போய் எண்பத்தேழில் நின்றது.

ஆய்வாளர் முள்ளைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். "இதுக்கு எப்ப முத்திரை வாங்கினீங்க?"

"போன வருஷம் நீங்கதானே சார் வந்து குத்தினீங்க?"

"அது போன வருஷம். இப்ப பதினஞ்சு கிலோ கூடக் காட்டுது."

"அம்மாவுக்குச் சரியாக் காட்டுச்சே?"

"சில தராசு கீழ சரியா இருக்கும், மேல போகப் போகத் தப்பும். உங்களுக்குத் தெரியாது."

டாக்டர் ஆய்வாளரின் மனைவியைப் பார்த்தார். அவளோ ஜன்னலுக்கு வெளியே மிகவும் சுவாரஸ்யமான ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்லை வச்சுப் பார்த்துடுங்களேன் சார். வாசல்லதானே வண்டி நிக்குது."

"கல் எதுக்கு? கண்ணால பார்த்தாலே தெரியுது" என்றவர், சட்டைப் பையிலிருந்து சிவப்புச் சீட்டை எடுத்துத் தராசின் நெற்றியில் ஒட்டினார். "எழுபத்திரண்டுன்னு போட்டுக்குங்க."

"அரசாங்கமே சொன்னப்புறம் நான் யாரு?" என்றார் டாக்டர்.

ஒரு வாரத்தில் இருக்கை தயாரானது. அடியில் இறுக்கமான ஃபோம், மேலே கொஞ்சம் இளகிய ஃபோம், ஆள் முன்னால் சறுக்கி பெட்ரோல் டாங்கியில் முட்டாமலிருக்கப் பின்பக்கம் லேசான இறக்கம், எல்லாவற்றுக்கும் மேல் சாம்பல் நூலில் தைத்த கறுப்பு உறை. ஆய்வாளர் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கப் போய், டாக்டர் பார்ப்பதைப் பார்த்ததும் விரலை மடக்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சகலை வீட்டுக்குக் கிளம்பினார். இரண்டு மணி நேரப் பயணம். சகலை வீட்டு வாசலிலேயே வலியில்லாமல் இறங்கிக் காட்டிவிட்டால் பிறகு அவன் வாயைத் திறக்க முடியாது என்பது கணக்கு. ஊர் எல்லை வரை சொர்க்கம். நெடுஞ்சாலை ஏறியதும் இரண்டு எலும்புகளும் கீழே பயணம் தொடங்கின. பாதி வழியில் தகட்டைச் சென்றடைந்தன. அதற்குப் பிறகு அவர் வேகத்தடை வந்த இடத்திலெல்லாம் கால்மிதியில் எழுந்து நின்றார், வராத இடத்திலும் நின்றார். மனைவியோ அவர் முதுகில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கியே போனாள்.

"வாங்கண்ணே, உட்காருங்க" என்று சகலை நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"இருக்கட்டும், இருக்கட்டும். உட்கார்ந்துதானே வந்தேன்."

தேநீரை நின்றுகொண்டே குடித்தார். சுவரிலிருந்த படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நடந்து பார்த்தார். மின்விசிறி எந்தக் கம்பெனி என்று விசாரித்தார். இதற்குள் சகலை சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய், தெருவைச் சுற்றினான். இன்னொரு தடவையும் சுற்றினான். திரும்பி வந்தபோது முகம் பளபளத்தது.

"என்னண்ணே சீட்டு இது! எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி கச்சிதமா இருக்கு. இறங்கவே மனசு வரல!"

மனைவி கோப்பையைக் கீழே வைத்தாள். "தம்பி, உங்க எடை எவ்வளவு?"

"எழுபத்திரண்டு அக்கா. நேத்துதான் பார்த்தேன். ஏன்?"

அவள் கணவரிடம் திரும்பினாள். "தைலம் வேணுமா?"

"எனக்கெதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"அப்ப உட்காருங்க."

அது மரநாற்காலி. ஆய்வாளர் வீரமாகத்தான் உட்கார்ந்தார். ஆனால் வாயிலிருந்து அவரைக் கேட்காமலேயே "அம்மாடி!" என்று ஒரு சத்தம் வந்தது.

"சாவி எங்கிட்டயே இருக்கட்டுமாண்ணே?" என்றான் சகலை, ரொம்ப அக்கறையாக.

மனைவி கணவரைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். "மூச்சை விடுங்க. விட்டாச்சா? இப்ப எவ்வளவுன்னு நீங்களே படிங்க."

அவர் குனிந்து படித்தார். முப்பத்தெட்டு. மறுபடி படித்தார். நாடாவில் அவர் அலுவலக முத்திரையே இருந்தது.

"பட்டியில முப்பத்திரண்டுன்னு இருக்கே?"

"நான்தான் போட்டேன். அளவு குடுக்கிறப்போ மூச்சைப் பிடிக்காத ஆம்பளையை நான் இன்னும் பார்க்கல. மூச்சு விட்டப்புறம் எவ்வளவு வேணுமோ அவ்வளவு வெட்டுவேன், நம்பர் மட்டும் அவங்க சொன்னதையே போடுவேன். ஒருத்தரும் சண்டைக்கு வந்ததில்ல. வீட்டுக்காரருக்கு மட்டும் வேற மாதிரி செய்யணுமா?"

"இது அளவு மோசடி!"

"கேஸ் போடுங்க. சாட்சிக்குப் பேண்டைக் கழட்டிக் குடுங்க."

ஆய்வாளர் நாடாவைச் சுருட்டி அவளிடம் நீட்டினார். "அன்னைக்கு டாக்டர்கிட்டயே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா டேப்புக்கும் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டியிருப்பீங்க. இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா பின்னால என் பாதி சீட்டு அவ்வளவு நல்லா இருக்கு. வழியெல்லாம் தூங்கிட்டு வந்திருக்கேன். அதைத் தூக்கி இந்த ஆள்கிட்ட குடுக்க எனக்குப் பைத்தியமா? போய் எண்பத்தேழுன்னு சொல்லிச் சீட்டைத் திருத்திட்டு வாங்க."

சொல்லுவது எளிது. எண்பத்தேழு என்று சொன்னால் தராசு சரி. தராசு சரியென்றால், கல்லை வைக்காமல் ஒரு நல்ல தராசுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டிய ஆய்வாளர் அவர். எழுபத்திரண்டு என்றே நின்றால் மானம் மிஞ்சும், வண்டி போகும். சகலையிடமிருந்து சாவியைக் கேட்டு வாங்கி, முன்னால் மடித்த போர்வை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்.

மறுநாள் மனைவியோடு பட்டறைக்குள் நுழைந்ததும் டாக்டர் இரண்டு கைகளையும் விரித்தார். "வாங்க சார். உங்க புண்ணியத்துல ஒரு வாரமா எல்லா நோயாளிகிட்டயும் எடையை வாயாலதான் கேட்டுக்கிட்டிருக்கேன். இந்த ஊர்ல எழுபத்தஞ்சைத் தாண்டின ஆளே இல்லையாம்!"

ஆய்வாளர் வண்டியின் பெட்டிகளைத் திறந்து நான்கு கற்களையும் கொண்டுவந்தார். மொத்தமே இருபது கிலோ. இருபது கிலோக் கல்லை வைத்துக்கொண்டு நூறு வரைக்கும் எப்படிச் சோதிப்பது? அதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. முதலில் கற்களை ஏற்றினார், முள் இருபதில் நின்றது. கற்களை இறக்கிவிட்டு, முள் அதே இருபதைத் தொடும்வரை மூட்டைக் களிமண்ணை அள்ளி வைத்தார். இப்போது அந்த மண்ணே இருபது கிலோக் கல்லுக்குச் சமம். அதன்மேல் கற்களை மறுபடி ஏற்றினால் நாற்பது. கற்களுக்குப் பதில் மீண்டும் மண். இப்படி ஒவ்வொரு படியாக ஏறலாம். பொய்க்கு நுழைய எங்கேயும் இடமில்லை. மனைவி மண்ணை அள்ளிக் கொடுக்க, அறுபது சரியாக வந்தது. எண்பதும் நூறும் மயிரிழை பிசகாமல் வந்தன. ஒவ்வொரு படியிலும் தராசு தப்பிவிடாதா என்று அவர் மனத்துக்குள் வேண்டிக்கொண்டதும், தப்பாதபோதெல்லாம் தொழில் பெருமையில் தலை தானாக ஆடியதும் அவருக்கே வேடிக்கையாக இருந்தது.

"கண்ணால பார்த்தப்ப தப்பா இருந்துச்சே சார்?" என்றார் டாக்டர்.

"கண்ணுக்கு நான் முத்திரை குத்தல" என்றார் ஆய்வாளர். நகத்தால் சிவப்புச் சீட்டைச் சுரண்டினார். நல்ல பசை, துண்டு துண்டாகத்தான் வந்தது. புதிய முத்திரையைக் குத்திவிட்டு, மண்ணை இறக்கி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறி நின்றார்.

எண்பத்தேழு. வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்துப் பார்த்தார். முள் அசையவில்லை.

"மூச்சை விடுங்க" என்றாள் மனைவி. "அது என் டேப்பு இல்ல."

அவர் விட்டார். "எண்பத்தேழுன்னு போட்டுக்குங்க. தராசு சரியா இருக்கு."

டாக்டர் முன்பாதி உறையை உரிக்கத் தொடங்கினார். "அப்ப இந்த எழுபத்திரண்டு கிலோ ஃபோமை என்ன சார் பண்றது? நல்லாத்தான் இருக்கு."

"கட்டிக் குடுங்க. என் சகலைக்குக் கச்சிதமா இருக்காம்" என்றார் ஆய்வாளர், தராசிலிருந்து இறங்கியபடியே. "அடியில வைக்க ஒரு வண்டியை மட்டும் அவரே தேடிக்கட்டும்."